சாலைக் கட்டணத்தை நீங்கள் எப்படி எடைபோடுகிறீர்கள்? சிங்கப்பூர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சாலைக் கட்டணம் கழிப்பதற்காக நம் வாகனங்களில் இருந்த பழைய கேஷ்கார்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய கருவியைப் பொருத்தும் பணி 2023ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. துணைக்கோளின் உதவியோடு இயங்கும் அந்தக் கருவியால், ஒரு கட்டணச் சாவடியை வாகனம் கடந்ததா என்பதை மட்டுமல்ல, எந்தச் சாலையில் எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் ஓடியது என்பதையும் கணக்கிட முடியும். தூரத்துக்கேற்பக் கட்டணம் வசூலிக்கும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்று முன்பு சொல்லப்பட்டது. பிறகு ஆராயப்படுகிறது என்றும் சொல்லப்பட்டது. கருவி வந்துவிட்டது, முடிவு வரவில்லை. இந்த இடைவெளியில் உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்.

சாலைக் கட்டணம் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவது என் நோக்கமன்று. வீடுகளுக்கு ஒதுக்கிய நிலத்துக்குச் சற்றே குறைவாக, ஏறத்தாழ 12 விழுக்காட்டு நிலத்தைச் சாலைகளுக்கே கொடுத்துவிட்ட தீவில், அது தேவை என்பதே என் கருத்து. அதை நீங்கள் எப்படி எடைபோடுகிறீர்கள், யாருடைய நேரத்தை யாருடைய பணத்துக்கு ஈடாக வைக்கிறீர்கள் என்பதை, கட்டணம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, உங்கள் பெயரில், மன்றத்தில் சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். தேக்கா வட்டாரத்து மளிகைக் கடைகளுக்குச் சரக்கு வேன்களையும் லாரிகளையும் நேரம் பார்த்து அனுப்பிவைப்பது என் தொழில். எனவே இந்த விவகாரத்தில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு, அதை மறைக்கவில்லை.

இந்தக் கொள்கை நம் ஊரில் வேரூன்றிய விதத்தைச் சற்று நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1975 ஜூன் 2ஆம் தேதி, நகர மையத்துக்குள் காலை நெரிசல் நேரத்தில் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து வாங்கிய காகித வில்லையைக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. நான்கு பேர் அமர்ந்து வந்த காருக்கு விலக்கு இருந்தது. காலை நெரிசல் நேரத்தில் உள்ளே நுழையும் போக்குவரத்து ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்தது. அது எதிர்பார்ப்பைத் தாண்டிய வெற்றி. அன்றைய நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மக்களின் மனக்கசப்பை எண்ணிப் பார்க்கும் கட்டாயம் அன்றைய அரசியல்வாதிகளுக்குக் குறைவாகவே இருந்தது.

ஆயினும் அவர்கள் கணக்கும் பல இடங்களில் பிசகியது. காலை 9.30 மணிக்குக் கட்டுப்பாடு முடியும்வரை வெளியில் காத்திருந்த கார்கள் அதன்பின் மொத்தமாக உள்ளே புகுந்ததால், சில வாரங்களிலேயே நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். நகர எல்லையில் காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொள்ளட்டும் என்று ஏற்படுத்திய நிறுத்துமிடங்கள் ஆளில்லாமல் கிடந்தன. காலையில் உள்ளே வராதவர்கள் மாலையில் வெளியே போகவும் மாட்டார்கள் என்று நினைத்தார்கள். மாலை நெரிசல் குறையவே இல்லை, அதற்கு 1989இல்தான் கட்டணம் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு ‘நான்கு பேர்’ கணக்கைச் சரிக்கட்டிய சாமர்த்தியத்துக்கும், மோட்டார்சைக்கிள்களுக்கும் லாரிகளுக்கும் இருந்த விலக்குக்கும் அதே ஆண்டில் முடிவு கட்டப்பட்டது. மேசையில் போட்ட கணக்கு தெருவில் எப்படி மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதைத் திருத்தியவர்களின் நேர்மையையும் மதிக்கிறேன்.

1998 செப்டம்பரில் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தபோது, அரசியலுக்கு மிகவும் வசதியான ஓர் ஏற்பாடும் கூடவே வந்தது. விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், பெருஞ்சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் என்று ஒரு வேக வரம்பை வைத்து, வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணத்தைக் கூட்டுவது, மேலே போனால் குறைப்பது என்ற சூத்திரம் அது. நிலப் போக்குவரத்து ஆணையம் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். மாற்றம் துணைவிதிகளின்கீழ் அறிவிக்கப்படும். ஒவ்வொரு 50 காசுக்கும் 1 வெள்ளிக்கும் மன்றத்தில் வாக்கெடுப்பு நடப்பதில்லை. தேர்தல் நெருங்கும்போது கட்டணத்தைக் குறைக்கும் சபலத்திலிருந்து இது நம்மைக் காத்தது என்பதை மறுக்க முடியாது.

அதே சூத்திரம் உங்களையும் காத்தது. தொகுதி மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில், புளோக் கீழ்த்தளத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசை எண்ணைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருக்கும் வேன்காரர் ஒருவர், புதிய கட்டணத்தால் மாதச் செலவு ஏறிவிட்டது என்று முறையிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொண்டூழியர் கடிதம் தட்டச்சு செய்வார், நீங்கள் கையெழுத்திடுவீர்கள், சில வாரங்களில் பதில் வரும்: வேகம் குறைந்தது, ஆகவே கட்டணம் கூடியது. அந்தப் பதிலில் பொய்யில்லை. பொறுப்பேற்கும் ஆளும் இல்லை. வேகமானியோடு யாரும் சண்டை போட முடியாது அல்லவா?

தூரக் கட்டணத்துக்கு அந்தக் கவசம் பொருந்தாது. ஒரு குறிப்பிட்ட சாலையில் ஒரு குறிப்பிட்ட அரைமணி நேரத்து வேகத்தைச் சரிசெய்வதற்குச் சூத்திரம் போதும். தீவு முழுவதும் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு, நெரிசலில்லாத சாலைக்கும் உண்டா, புறநகருக்கும் நகர மையத்துக்கும் ஒரே விலையா, அதற்கு ஈடாகச் சாலை வரியைக் குறைப்பதா, வாகன உரிமைச் சான்றிதழ்களை (வாகனம் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய அனுமதி) கூட்டுவதா என்ற கேள்விகளுக்கு வேகமானியில் விடை கிடைக்காது. அவை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் முடிவுகள். அதற்காகத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

வெளிநாட்டு அரசியல்வாதிகள் இதே தராசின் முன் நின்றபோது என்ன செய்தார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நமக்கு நெருக்கமான பாடம் லண்டனில் இல்லை, ஹாங்காங்கில் இருக்கிறது. அங்கே 1983 முதல் 1985 வரை ஏறத்தாழ 2,500 வாகனங்களில் மின்னணுத் தகடு பொருத்தி நடத்திய சோதனை, தொழில்நுட்ப அளவில் வெற்றிபெற்றது. நாம் அதைச் செய்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே. ஆனால் அப்போதுதான் உயிர்பெற்றிருந்த மாவட்ட மன்றங்களின் உறுப்பினர்கள் அதை ஏற்கவில்லை. வாகனம் போகும் இடமெல்லாம் அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறும் என்ற அச்சம், 1997இல் சீனாவிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்நோக்கியிருந்த நகரத்தில், சாதாரண அச்சமாக இருக்கவில்லை. பொருளாதாரம் தளர்ந்து சாலையில் வண்டிகளும் குறைந்திருந்தன. புதிய ரயில்பாதையும் திறந்தது. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. உள்ளூர் அரசியல்வாதிகளின் பிடிவாதம்தான் அதைக் கெடுத்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருவாய் எங்கே போகும், விவரம் யாரிடம் இருக்கும் என்று கேட்டவர்களிடம் நம்பத்தக்க விடை அரசாங்கத்திடம் இல்லை. தோற்றது அந்த இடத்தில்தான்.

ஸ்டாக்ஹோம் வேறு வழியில் போனது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை. அதற்கு முன்பே கூடுதல் பேருந்துகள். சோதனை முடிந்ததும் கட்டணம் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் பொது வாக்கெடுப்பு. சோதனைக்கு முன் பெரும்பாலோர் எதிர்த்த திட்டத்தை, எல்லைக்கோட்டைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணால் பார்த்தபின், நகர வாக்காளர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆதரித்தார்கள். நகரத்தைச் சுற்றியிருந்து தனியே வாக்கெடுப்பு நடத்திய நகராட்சிகள் வேண்டாம் என்றன என்பதையும் மறந்துவிடக்கூடாது. கட்டணம் அவர்களுடையது, காற்று நகரத்தாருடையது. எடின்பரோவிலும் மான்செஸ்டரிலும் கட்டணத்தை ஒருநாள்கூட அனுபவிக்காத மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். 2005லும் 2008லும் முறையே 74, 79 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தார்கள்.

நியூயார்க்கில் எல்லாம் தயாரான நிலையில், 2024 ஜூனில், தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்தபோது ஆளுநர் கேத்தி ஹோகுல் திட்டத்தை நிறுத்திவைத்தார். நவம்பர் தேர்தல் முடிந்தபின் 15 டாலரை 9 டாலராக்கி 2025 ஜனவரி 5ஆம் தேதி தொடங்கினார். தேர்தல் கணக்கு எவ்வளவு அப்பட்டமாக இருந்தாலும், யார் நிறுத்தினார், யார் தொடங்கினார் என்பது அந்த ஊர் மக்களுக்குத் தெரியும். நம் ஊரில் இப்படியொரு முடிவுக்கு ஒருவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன், முடியவில்லை.

இனி, நீங்கள் எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று நான் கருதுகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

கார் வைத்திருக்கும் குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே காருக்குக் கட்டணம் விதிப்பது பணக்காரர்களை மட்டுமே தொடும் என்ற வாதம் எளிதில் எழும். அது பாதி உண்மை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய நகரங்கள் பெரும்பாலும் தீவின் ஓரங்களில் இருக்கின்றன. பொங்கோலிலிருந்தும் உட்லண்ட்சிலிருந்தும் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்தும் வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தின் தூரம் நீளம். புக்கிட் தீமாவிலிருந்தும் தங்லினிலிருந்தும் அதே நகர மையத்துக்குப் போகும் காரின் தூரம் குறைவு. கிலோமீட்டருக்கு ஒரே விலை என்றால், வசதி குறைந்த முகவரிக்கு அதிகக் கட்டணம் என்றே பொருள்படும். நேரத்தையும் இடத்தையும் பொறுத்து விலை மாறினால் நிலைமை தலைகீழாகலாம். எந்த நகரத்துக் குடும்பம் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கும் என்ற கணக்கை, விலை அறிவிக்கப்படுவதற்கு முன் வெளியிடும்படி நீங்கள் கேட்க முடியும். கேட்க வேண்டும்.

மோட்டார்சைக்கிள் ஓட்டுவோரையும் மறந்துவிடாதீர்கள். முதல் ரயிலுக்கு முன் வேலைக்குப் புறப்படும் பாதுகாவலர்கள், துப்புரவாளர்கள், உணவு விநியோகிகள் ஆகியோரில் பலருக்கு அதுதான் கால். அவர்களுடைய வாகன உரிமைச் சான்றிதழ் விலை 2022இல் 12,000 வெள்ளியைத் தாண்டியதை நாம் பார்த்தோம். ஒரு வண்டியின் விலையையே மிஞ்சிய சான்றிதழ் அது. இன்று சாவடியில் அவர்கள் காருக்குரிய கட்டணத்தில் பாதியைக் கட்டுகிறார்கள், அவர்கள் அடைக்கும் இடத்தின் கணக்கில். தூரக் கட்டணத்திலும் அந்தப் பாதி தொடருமா என்பதை யாராவது கேட்டிருக்கிறீர்களா?

என் தொழிலிலிருந்து ஒன்று. சரக்கு வேன் ஒன்று சாவடியில் காருக்கு ஈடான கட்டணத்தையே கட்டுகிறது. ஒரே ஆள் ஓட்டிவரும் காரும், பத்துக் கடைகளுக்கான அரிசி மூட்டைகளும் எண்ணெய் டின்களும் ஏற்றிவரும் வேனும் சாலையில் பிடிக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த அளவில் அது நியாயம். ஆனால் காரோட்டி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ரயிலில் ஏறலாம்; கடைக்காரர் கேட்ட நேரத்துக்கு மூட்டை போய்ச் சேர வேண்டும். அடுத்த கட்டத்தில் கட்டணம் இறங்கும் என்று தெரிந்தால், எங்கள் ஓட்டுநர் சாவடியின் வளைவு கண்ணில் பட்டதும் காலை ஆக்சலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, டாஷ்போர்டு கடிகாரத்தையே பார்த்தபடி இடது தடத்தில் ஊர்வார். பின்னால் வரும் லாரி ஹாரன் அடிக்கும். 2003இல் கட்டணம் மாறும் முதல் ஐந்து நிமிடங்களுக்கு இடைப்பட்ட விலை ஒன்றைக் கொண்டுவந்ததே இந்த ஊர்தலைக் குறைக்கத்தான். தூரக் கட்டணம் வந்தால் இப்படி ஊர வேண்டியதில்லை, கோட்டைச் சிறிது தாண்டியதற்கே முழுக் கட்டணம் என்ற அநியாயமும் போகும். அந்த அளவில் எங்களைப் போன்றோருக்கு அது நல்லதே. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவில்லை.

பணம் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். சாவடியில் வசூலாகும் தொகை அரசாங்கத்தின் பொது நிதியில் சேர்கிறது. போக்குவரத்துக்கென்று தனியே ஒதுக்கப்படுவதில்லை. லண்டனில் நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டது. நிதியைக் கட்டிப்போடுவது நல்ல நிர்வாகமன்று என்ற நிதியமைச்சின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ரயில், பேருந்து ஆகியவற்றுக்குச் செலவாகும் தொகை இந்த வருவாயைவிடப் பன்மடங்கு என்பதும் உண்மை. இருந்தாலும் ‘வருவாய்க்காக அல்ல, நெரிசலைக் குறைக்கவே’ என்று ஓர் அரசாங்கம் சொல்லும்போது, மக்கள் நம்புவது கணக்கைப் பார்த்துத்தான். 2008இல் சாலைக் கட்டண முறையை இறுக்கியபோது சாலை வரி 15 விழுக்காடு குறைக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஈடு இம்முறை எவ்வளவு, எந்த வகை வாகனத்துக்கு என்பது கட்டணத்தோடு சேர்ந்தே வர வேண்டும், பின்னால் வரும் சலுகையாக அல்ல.

இதோடு சேர்ந்தது சான்றிதழ்களின் எண்ணிக்கை. 2018 பிப்ரவரி முதல் கார்களும் மோட்டார்சைக்கிள்களும் எண்ணிக்கையில் வளர முடியாது என்று நிர்ணயித்தோம். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழ் விலை முதன்முறையாக 100,000 வெள்ளியைத் தாண்டியது. 2025 பிப்ரவரி முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 கூடுதல் சான்றிதழ்கள் வெளியிடப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது, புதிய கட்டண முறையால் நெரிசலை நிர்வகிக்க முடியும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதாவது, வைத்திருப்பதற்கான விலையைக் கொஞ்சம் தளர்த்தி, ஓட்டுவதற்கான விலையை உயர்த்தும் பாதையில் ஏற்கெனவே ஓரடி வைத்தாகிவிட்டது. அது சரியான பாதை என்றே நினைக்கிறேன். 100,000 வெள்ளி கொடுத்தவர் போட்ட காசை எடுக்க வேண்டும் என்றே நாள்தோறும் ஓட்டுவார். ஆனால் ஓரடி வைத்த பிறகும் பாதையின் பெயரைச் சொல்லாமல் இருப்பது உங்களுக்கு அழகல்ல. கார் எண்ணிக்கை கூடினால், கார் இல்லாத மூன்றில் இரு பங்குக் குடும்பங்களின் பேருந்துக்கு என்ன ஆகும் என்பதையும் அப்போதே பேசியிருக்க வேண்டும்.

கடைசியாக, விவரங்களின் காவல். 2021 ஜனவரியில், கொவிட் தொற்றைத் தடமறிய உருவாக்கிய டிரேஸ்டுகெதர் செயலியின் விவரங்களைக் குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறை பெற முடியும் என்பது இதே மன்றத்தில்தான் தெரியவந்தது. தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே என்று நம்பியிருந்த பலருக்கு அது அதிர்ச்சி. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. மருந்து நோய்க்குப் பின்னால் வந்தது, பரவாயில்லை, வந்தது. வாகனக் கருவியின் விவரங்கள் எவ்வளவு காலம் வைக்கப்படும், எந்தெந்த நோக்கத்துக்கு யார் கேட்டால் கொடுக்கப்படும் என்பதை, இந்தமுறை கட்டணத்துக்கு முன்பே, வாக்குறுதியாக அல்லாமல் சட்டப் பிரிவாக எழுதும்படி கேட்கிறேன். பயணியின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியைப் பார்த்து எங்கள் ஓட்டுநர்கள் கேட்கும் முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியதல்ல, ‘அண்ணே, இது எல்லாத்தையும் பார்க்குமா’ என்பதுதான்.

போக்குவரத்துக்கான அரசாங்க நாடாளுமன்றக் குழுவில் இருப்பவர்களிடமும், எதிர்க்கட்சி உறுப்பினர்களிடமும் நான் வேண்டுவது இதுதான். தூரக் கட்டணத்தை முதலில் வரையறுத்த காலத்துக்கு, முடிவுத் தேதியோடு, சோதனையாக நடத்தும்படி கேளுங்கள். நகரவாரியாகவும் வாகன வகைவாரியாகவும் யாருக்கு எவ்வளவு கூடியது, யாருக்கு எவ்வளவு குறைந்தது, பேருந்துகளின் வேகம் என்ன ஆனது என்பதை மன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் கொள்கையை விவாதித்து, கொறடாவின் பிடியைத் தளர்த்தி, ஒவ்வொருவரும் பெயர் பதிவாகும் வகையில் வாக்களியுங்கள். அதற்குப் பிறகு காலாண்டுக் கட்டணத்தைச் சூத்திரத்திடமே விட்டுவிடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.

அமைச்சின் செலவின விவாதம் ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த விவாதத்தில் உங்களில் யார் இதை எழுப்புகிறீர்கள் என்று பார்த்திருப்பேன். எங்கள் குழுத்தொகுதி உறுப்பினர்களிடம் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு நேரில் வந்தும் கேட்பேன். அப்போது ஆணையத்துக்குக் கடிதம் எழுதித் தர வேண்டாம், உங்கள் பதிலைச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தேக்காவில் தொழில் செய்யும் ஒரு வாக்காளர்